முறுக்கோடு பிறக்கும் புள்ளிகள்: கலிபோர்னியா மலைகளில் ஒரு சூரியப் பயணம்

வெள்ளி, பாசடினா

சாண்டா பார்பரா தெருவில் ஜகரண்டா பூத்துக் கொட்டிக் கிடக்கிறது. நடைபாதை முழுக்க ஊதா நிறம். அந்தத் தெருவில் 813ஆம் எண் கட்டடத்தைப் பார்க்க வேண்டும் என்றுதான் விமானத்தில் வரும்போதே அக்கா மகனிடம் சொல்லி வைத்திருந்தேன். அவனுக்கு ஆச்சரியம்.

"சித்தி, இங்க பக்கத்துலயே டிஸ்னிலேண்டு இருக்கு. எல்லாரும் அங்கதான் போகணும்பாங்க."

"அது இருக்கட்டும்டா. இன்னிக்கு இது, நாளைக்கு மலை. அதுக்கப்புறம் நீ எங்க கூட்டிட்டுப் போனாலும் வர்றேன்."

கார்னகி வானாய்வகங்களின் அலுவலகம் அது. அமெரிக்க வானியலாளர் ஜார்ஜ் எல்லரி ஹேல் 1904இல் தொடங்கிய மவுண்ட் வில்சன் சூரிய ஆய்வகத்தின் வழியில் வந்தது. உள்ளே இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கண்ணாடிப் புகைப்படத் தட்டுகள் இருக்கின்றன. நினைத்த நேரத்தில் வெளியாட்கள் நுழைந்துவிட முடியாது. வாசலில் நின்று ஆசைதீரப் பார்த்துவிட்டு வந்தேன்.

கல்லூரியில் இயற்பியல் நடத்திய காலமெல்லாம் சூரியப் புள்ளிகளுக்கு எனக்குக் கிடைத்தது பாடநூலில் ஒரே ஒரு பத்தி. சுற்றிலும் ஏறக்குறைய 5,800 கெல்வின் இருக்க, புள்ளியின் நடுவில் 4,000 அளவுக்குத்தான் இருக்கும். அங்கே காந்தப்புலம் 2,000, 3,000 காஸ் வரை போகும். பூமியின் காந்தப்புலமோ அரை காஸ் சொச்சம். அத்தனையும் சரி. ஆனால் அந்தப் புலம் நேராக எழுந்து நேராக விழுவதில்லை, முறுக்கிக்கொண்டு வருகிறது என்பதற்கு அந்தப் பத்தியில் இடமில்லை. முறுக்கு மேலே வந்தபிறகு ஏறுவதா, பிறக்கும்போதே இருப்பதா என்ற கேள்விக்கும் இடமில்லை. ஓய்வுபெற்ற பிறகு நான் விடாமல் படித்துவருவது இதைத்தான். அந்தக் கேள்வி முளைத்த இடத்தை நேரில் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இந்தப் பயணம்.

இரவு சாப்பாடு முடிந்து, வழக்கம்போல, சூரியனைக் கண்காணிக்கும் நாசாவின் எஸ்டிஓ விண்கலம் எடுத்த காந்தப் படத்தைத் திறந்தேன். அதில் ஒரு காந்தத் துருவம் வெள்ளையாகவும் மற்றது கறுப்பாகவும் தெரியும். வட அரைக்கோளத்தில், வட்டின் நடுவுக்குச் சற்றுக் கிழக்கே, நேற்று ஒன்றுமில்லாத இடத்தில் கறுப்பும் வெள்ளையுமாகப் பொடியாக ஒரு ஜோடி. இப்போதுதான் மேலே வருகிறது. இந்தப் பயணம் முழுக்க இதைத் தொடர்வது என்று முடிவு செய்துவிட்டேன்.

சனி, மவுண்ட் வில்சன்

காலையில் பாசடினாவில் வெயிலே இல்லை. ஜூன் மாதத்தில் கடலிலிருந்து வரும் மேகமூட்டம் மதியம் வரை ஊரை மூடிக்கொள்ளும் என்றான். ஏஞ்சலஸ் கிரெஸ்ட் நெடுஞ்சாலையில் ஏற ஏற மூட்டம் வண்டிக்குள் வந்துவிடும் போல இருந்தது. பிறகு ஒரு வளைவில் சட்டென்று எல்லாம் கீழே போய்விட்டது. மேலே துடைத்த நீலம், கீழே வெள்ளை மேகத்தின் முதுகு. ரெட் பாக்ஸ் என்ற இடத்தில் பிரிந்து இன்னும் கொஞ்ச தூரம். 1,742 மீட்டர் உயரம்.

ஹேல் இந்த மலையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமும் அந்த மூட்டம்தான். கீழே குளிர்ந்த கடற்காற்று, அதன்மேல் வெதுவெதுப்பான காற்று என்று அடுக்காக நிற்கும்போது காற்று கலங்குவதில்லை. கலங்காத காற்றில்தான் சூரியனின் விளிம்பு நடுங்காமல் தெரியும்.

வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் நேராக நூறு அங்குலத் தொலைநோக்கியைத் தேடிப் போகிறார்கள். ஹப்பிள் பிரபஞ்ச விரிவைக் கண்டது அதில்தானே. நாங்களும் எட்டிப் பார்த்தோம். என் கால் நின்றது அங்கே இல்லை, சூரியக் கோபுரங்களுக்கு அடியில்தான். ஸ்னோ தொலைநோக்கியின் நீண்ட கொட்டகை, அடுத்து 60 அடிக் கோபுரம், அப்புறம் 150 அடிக் கோபுரம். மூன்றும் ஒரு கூப்பிடு தூரத்துக்குள்.

60 அடிக் கோபுரத்தைப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தோன்றாது. இரும்புச் சட்டம், உச்சியில் சின்னக் கூண்டு. 1908 ஜூன் மாதம் இதற்கு அடியில்தான் நமக்குத் தெரிந்த சூரியனே மாறிப்போனது.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். அந்த ஆண்டு வசந்தத்தில் ஹேலுக்குச் சிவப்பு ஒளியை நன்றாகப் பதிக்கும் புதுவகைத் தட்டுகள் கிடைத்தன. ஹைட்ரஜன் ஆல்ஃபா என்ற சிவப்புக் கோட்டின் ஒளியில் மட்டும் சூரியனைப் படமெடுத்தார். புள்ளிகளைச் சுற்றி மெல்லிய இழைகள் சுழன்று சுழன்று உள்ளே இறங்குவதுபோல் பதிந்திருந்தன. சுழற்காற்று என்று அவர் நினைத்ததில் வியப்பில்லை, அப்படித்தான் தெரியும். மின்னூட்டம் பெற்ற துகள்கள் இப்படிச் சுழன்றால் மின்னோட்டம் உண்டாகும், மின்னோட்டம் இருந்தால் காந்தப்புலம் இருக்கும் என்று ஒரு படி மேலே யோசித்தார். காந்தப்புலம் இருந்தால் நிறமாலைக் கோடுகள் பிளந்து நிற்க வேண்டும். அதை ஆய்வுக்கூடத்தில் ஸீமன் 1896இலேயே காட்டிவிட்டார். இந்தக் கோபுரத்தின் நிறமாலைமானியில் புள்ளியின் ஒளியைச் செலுத்திப் பார்த்தால், கோடுகள் பிளந்து நிற்கின்றன. பூமிக்கு வெளியே காந்தப்புலம் ஒன்றை மனிதர் கண்டது அதுதான் முதல் தடவை.

இங்கே நம் ஊர் வருகிறது. ஆங்கிலேய வானியலாளர் ஜான் எவர்ஷெட்டும் அவர் மனைவி மேரியும், அவர் கோடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்கு வேலைக்கு வரும் வழியில் அமெரிக்காவைச் சுற்றி, ஹேலையும் சந்தித்துவிட்டுத்தான் 1907இல் வந்து சேர்ந்தார்கள். ஹேலின் சுழல் படங்கள் வெளியானதும் எவர்ஷெட் கோடைக்கானலில் அந்தச் சுழற்சியைத் தேடினார். புள்ளியைச் சுற்றி வாயு சுழன்றால் ஒரு பக்கம் நம்மை நோக்கி வர வேண்டும், எதிர்ப்பக்கம் விலகிப் போக வேண்டும். நிறமாலைக் கோடு அதற்கேற்ப நகர வேண்டும். 1909 ஜனவரியில் அவர் கண்டது வேறு. வாயு சுற்றவில்லை, புள்ளியின் நடுவிலிருந்து வெளிப்புறமாக ஆரம்போல் ஓடுகிறது. இன்று உலகம் முழுக்க எவர்ஷெட் விளைவு என்று சொல்வது அதைத்தான். நம் பழனி மலையில் எடுத்த தட்டு, இந்த சான் கேப்ரியல் மலையில் எழுந்த கேள்விக்குப் பதில் சொன்னது. 60 அடிக் கோபுரத்துக்கு அடியில் நின்று இதைச் சொன்னபோது அக்கா மகன் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தான். "கோடைக்கானலுக்கு ஆறேழு தடவை போயிருக்கேன் சித்தி, அப்சர்வேட்டரிக்குள்ள போனதே இல்ல" என்றான். கோடைக்குப் போய்ப் படகும் குதிரையும் மட்டும் பார்த்துவிட்டு வருகிறவர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது அந்த வாசலில் நுழைய வேண்டும்.

அப்படியானால் ஹேல் கண்ட சுழல்கள்? வாயு ஓடுகிற பாதையை வகுப்பது காந்தப்புலம். புலம் முறுகியிருந்தால் இழைகளும் முறுகித் தெரியும். காற்று சுழலவில்லை, புலம் முறுகியிருக்கிறது. ஆக, அந்தச் சுழல் படங்கள்தான் காந்த முறுக்கை மனிதக் கண் முதன்முதலில் கண்ட சாட்சி.

150 அடிக் கோபுரத்தில் நான் நெடுநேரம் நின்றேன். இது ஒரு கோபுரத்துக்குள் இன்னொரு கோபுரம். கண்ணாடிகளைத் தாங்கும் உள் சட்டத்தின் ஒவ்வொரு காலையும், ஒவ்வொரு குறுக்குக் கம்பியையும், தொடாமல் உறைபோல மூடிக்கொண்டு வெளிச் சட்டம் நிற்கிறது. காற்று வெளிச் சட்டத்தை ஆட்டும். உள்ளே இருப்பது அசையாது. தரைக்கு அடியில் 75 அடிக் கிணறு, நிறமாலைமானிக்காக. கீழே மேசையில் விழும் சூரியனின் பிம்பம் 43 செ.மீ. அளவு.

அந்தப் பிம்பத்தின்மேல் தாளை வைத்து, புள்ளிகளைப் பென்சிலால் வரைந்து, 1917 தொடங்கி ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தொடர்ந்திருக்கிறார்கள். நகல் ஒன்றைக் கிட்டத்தில் பார்த்தேன். பெரிய வட்டம். அதற்குள் சுண்டுவிரல் நகத்தளவு ஒரு புள்ளிக் கூட்டம். கருநிழல் என்ற இருண்ட நடுப்பகுதி அழுத்தமாக, அதைச் சுற்றிய அரைநிழல் மெல்லிய கோட்டில். ஒவ்வொரு புள்ளிக்குப் பக்கத்திலும் ஆர் அல்லது வி என்ற எழுத்து, கூடவே ஓர் எண். பிளந்த கோடு சிவப்புப் பக்கம் போகிறதா, ஊதாப் பக்கம் போகிறதா என்பது எழுத்து, அதுதான் துருவம். எண், நூறு காஸ் கணக்கில் புலத்தின் வலிமை. வி 24 என்றிருந்தால் 2,400 காஸ். வரைந்தவரின் கை அழுத்தம்கூடத் தெரிகிறது. எந்தக் கருவி வந்தாலும் இந்தத் தாள்களுக்கு உள்ள மதிப்பு குறையாது என்பது என் உறுதியான எண்ணம்.

இங்கே 1917 முதல் எடுத்த தட்டுகளையும், கோடைக்கானலில் 1906 முதல் எடுத்த தட்டுகளையும் ஹோவர்டு, சிவராமன், குப்தா ஆகியோர் புள்ளி புள்ளியாக அளந்திருக்கிறார்கள். ஜோடிப் புள்ளிகள் எந்த அளவு சாய்ந்து நிற்கின்றன என்று இன்று எழுதுகிற யாரும் அந்த அளவீடுகளைத் தொடாமல் போக முடியாது. முன்னால் போகும் புள்ளி சூரியனின் நிலநடுக்கோட்டுக்குக் கிட்டத்தில், பின்னால் வருவது சற்றுத் தள்ளி. அதுதான் அந்தச் சாய்வு.

மரத்தடி மேசையில் தயிர்சாதமும் எலுமிச்சை ஊறுகாயும். பக்கத்து மேசைக் குழந்தை ஊறுகாய் வாடைக்கு மூக்கைச் சுருக்கியது. இறங்கும்போது மூட்டம் விலகி, லாஸ் ஏஞ்சலஸ் முழுவதும் கீழே விரிந்து கிடந்தது.

ஞாயிறு, பாசடினா

இன்று வெளியே எங்கும் போகவில்லை. நம் குட்டி ஜோடி ஒரே நாளில் நன்றாகப் பெருத்துவிட்டது. காலைக் காப்பியோடு மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஹேல் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன், ஏனென்றால் அடுத்து வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. புள்ளிகள் கூடிக் குறைவதைச் சூரியச் சுழற்சி என்பார்கள். 1912 வாக்கில் அப்படி ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கியது. புதிய புள்ளிகளைப் பார்த்தால் துருவங்கள் அப்படியே மாறியிருந்தன. வடக்கில் முன்னால் போகும் புள்ளி எந்தத் துருவமாக இருந்ததோ, இப்போது அதற்கு எதிர்த்துருவம், தெற்கிலும் அப்படியே. ஏறக்குறைய 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை இது மாறுகிறது என்று பிறகு உறுதியானது. ஆனால் ஹைட்ரஜன் படங்களில் தெரிந்த சுழல்கள்? 1927இல் ஹேல் பல ஆண்டுப் படங்களைச் சேர்த்து எழுதினார். சுழல் தெளிவாகத் தெரிந்த புள்ளிகளில் சுமார் 80 சதவீதம், வடக்கில் இடஞ்சுழியாகவும் தெற்கில் வலஞ்சுழியாகவும் இருந்தன. சுழற்சி மாறியபோது இது மாறவே இல்லை.

இதை ஒரு நிமிடம் நின்று யோசிக்க வேண்டும். சுழல்தான் புலத்தை உண்டாக்குகிறது என்றால், புலம் தலைகீழானபோது சுழலும் தலைகீழாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. ஆக, சுழலின் திசையைத் தீர்மானிப்பது துருவம் அல்ல, அரைக்கோளம். சூரியன் தன்னைத்தானே சுற்றுவதால் வடக்கிலும் தெற்கிலும் எதிரெதிராக வேலை செய்யும் ஏதோ ஒன்று, புள்ளி மேலே தெரிவதற்கு முன்பே புலத்தில் கைவைத்திருக்கிறது.

பின்னாளில் புலத்தின் மூன்று திசைக் கூறுகளையும் அளக்கும் கருவிகள் வந்தன. 1990இல் ஸீஹாஃபர், 1995இல் பெவ்ட்சோவ், கேன்ஃபீல்டு, மெட்காஃப் மூவரும் முறுக்கையே எண்ணில் கணக்கிட்டார்கள். ஹவாயின் ஹலியகலா மலையில் அளந்த 69 புள்ளிக் கூட்டங்களில், வடக்கில் 76 சதவீதம் இடமுறுக்கு, தெற்கில் 69 சதவீதம் வலமுறுக்கு. வலக்கைப் பெருவிரலைப் புலத்தின் போக்கில் நீட்டினால் மற்ற விரல்கள் மடங்கும் பக்கமாகச் சுற்றிப் போவது வலமுறுக்கு. எதிராகப் போவது இடமுறுக்கு.

அக்கா மகன் தோசை ஊற்றிக்கொண்டே கேட்டான். "சரி சித்தி, முறுக்கு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

கயிறு திரிப்பதைச் சின்ன வயதில் பார்த்தவள் நான். அதை வைத்தே சொன்னேன். நாரை அப்படியே சேர்த்துப் பிடித்தால் இழுத்த இழுப்பில் பிரிந்துவிடும். புரி ஏற்றினால்தான் ஒன்றாக நிற்கும். சூரியனின் மேற்பரப்புக்குக் கீழே சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஆழத்துக்கு வாயு கொதித்துப் புரள்கிறது. அதற்குள் காந்தப்புலக் கற்றை ஒன்று மிதந்து ஏறும்போது முறுக்கே இல்லையென்றால் எதிர்ப்படும் வாயு அதை இரண்டாகக் கிழித்துவிடும். கணினி மாதிரிகள் இதை 1979இலேயே காட்டிவிட்டன. முழுதாக மேலே வருகிறது என்றாலே ஓரளவு முறுக்கோடுதான் வருகிறது என்று பொருள். அதிகமாகத் திரித்த கயிற்றைத் தளர விட்டால் தானே சுருண்டு முடிச்சு விழுவதுபோல, முறுக்கு மிஞ்சினால் கற்றையே நெளிந்து மடங்கிவிடும். எதிரெதிர்த் துருவங்கள் ஒரே அரைநிழலுக்குள் முட்டிக்கொண்டு நிற்கும் டெல்டா வகைப் புள்ளிகளில் பலவும் இப்படிப் பிறப்பவை என்று கருதுகிறார்கள். மிகப்பெரிய சூரியச் சுடர்களில், அதாவது திடீர் ஒளி வெடிப்புகளில், பெரும்பாலானவை அந்த வகைப் புள்ளிகளிலிருந்துதான் வெடிக்கின்றன.

இனி நம் ஜோடி. வெள்ளை வலப்பக்கம், அதாவது மேற்கே, முன்னால் போகிறது. வடக்கில் இந்தச் சுழற்சிக்கு அதுதான் முறை. கறுப்பு இடப்பக்கம். இரண்டும் இரண்டு வட்டங்களாக இல்லை. வெள்ளையிலிருந்து ஒரு நீட்டல் கீழாகக் கிளம்பிக் கறுப்பின் பக்கம் போகிறது. கறுப்பிலிருந்து ஒரு நீட்டல் மேலாகக் கிளம்பி வெள்ளையின் பக்கம் வருகிறது. இரண்டையும் பிரிக்கும் எல்லைக்கோடு செங்குத்தாக நிற்காமல் சாய்ந்து கிடக்கிறது. இந்த நீட்டல்களுக்குக் காந்த நாக்குகள் என்று பெயர். 2000இல் லோப்பஸ் ஃபுவென்டெஸும் உடன் ஆய்ந்தவர்களும் இவற்றைச் சுட்டிக்காட்டினார்கள். அதன்பின் அர்ஜென்டினா ஆய்வாளர்கள் இதை விரிவாக எடுத்துச் சென்றிருக்கிறார்கள்.

நாக்கு எப்படி வருகிறது? வளைந்த கற்றையின் முதுகு மேற்பரப்பைக் கிழித்துக்கொண்டு வரும்போது, முறுக்கு இல்லையென்றால் முதுகில் புலம் கிடைமட்டமாக மட்டும் போகும். முறுக்கு இருந்தால் முதுகின் ஒரு பக்கம் புலம் மேல்நோக்கியும் மறுபக்கம் கீழ்நோக்கியும் போகும். மேலிருந்து பார்க்கும் நமக்கு ஒரு பக்கம் வெள்ளையாகவும் மறுபக்கம் கறுப்பாகவும் அது தெரியும். நேர்த்துருவத்தில் நின்று எதிர்த்துருவத்தைப் பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நேர்த்துருவத்தின் நாக்கு உங்கள் இடப்பக்கமாக நீண்டால் வலமுறுக்கு. வலப்பக்கமாக நீண்டால் இடமுறுக்கு. முப்பரிமாண அளவீடு எதுவும் வேண்டாம். கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று போதும், புள்ளி பிறக்கும் நேரத்தில் எடுத்ததாக இருந்தால்.

நம் ஜோடியில் வெள்ளைதான் நேர்த்துருவம். அதில் நின்று கிழக்கே, அதாவது படத்தின் இடப்பக்கம், பார்த்தால் இடக்கைப் பக்கம் தெற்கு. நாக்கு நீள்வதும் தெற்கேதான். வலமுறுக்கு.

"வடக்குல இடமுறுக்குன்னு இப்பத்தானே சொன்னீங்க? இது விதிக்கு மாறால்ல இருக்கு?" என்றான்.

ஆமாம், மாறாகத்தான் இருக்கிறது. நூற்றில் இருபது முப்பது இப்படி வரும். அந்த இருபது முப்பதுக்குக் காரணம் கேட்டால்தான் விதிக்கே காரணம் புரிகிறது. 1998இல் லாங்கோப், ஃபிஷர், பெவ்ட்சோவ் மூவரும் சொன்ன விளக்கம் எனக்கு நிறைவாக இருக்கிறது. கொதிக்கும் வாயுவின் புரளல்கள், சூரியன் தன்னைத்தானே சுற்றுவதால், ஓரளவு ஒரே பக்கமாகத் திருகுகின்றன. அவை ஏறிவரும் கற்றையின் அச்சை அங்கங்கே தள்ளி நெளிய வைக்கும். முறுக்கும் நெளிவும் சேர்ந்த மொத்தம் மாறாது என்பது அடிப்படை. அச்சு ஒரு பக்கம் நெளிந்தால், ஈடுகட்ட உள்முறுக்கு எதிர்ப்பக்கம் ஏறும். புரளல்கள் ஒழுங்கற்றவை என்பதால் ஒவ்வொரு கற்றைக்கும் கிடைக்கும் முறுக்கு கூடும், குறையும், சிலவற்றில் திசையே மாறும். ஆயிரம் கற்றைகளைக் கூட்டிப் பார்த்தால் அரைக்கோளத்தின் சாயல் மேலே வந்து நிற்கும். விதி இவ்வளவு தளர்வாக இருப்பதே, முறுக்கு ஏறியது கொந்தளிப்பின் நடுவில் என்பதைக் காட்டுகிறது.

முறுக்கின் அளவு? நாக்குகளை வைத்துக் கணக்கிட்டதில் பெரும்பாலான கூட்டங்களுக்கு ஒரு முழுச் சுற்றுகூட வரவில்லை. இத்தனை கொந்தளிப்பைத் தாண்டி வர அந்தக் கொஞ்சம் போதுமானதாக இருக்கிறது.

திங்கள், பிக் பேர்

சான் பெர்னார்டினோவிலிருந்து ஏறும் மலைப்பாதைக்கு 'ரிம் ஆஃப் தி வேர்ல்டு' என்று பெயர். ஒரு பக்கம் பள்ளம்தான், மறுபேச்சில்லை. மேலே ஏரி, சுற்றிலும் பைன் மரங்கள். சுமார் 2,060 மீட்டர். நம் கோடைக்கானல் ஆய்வகம் இதைவிட உயரம்.

வடகரையில், ஏரிக்குள் நீண்டிருக்கும் தரைப்பாலத்தின் முனையில் வெள்ளைக் குவிமாடம். பிக் பேர் சூரிய ஆய்வகம். கால்டெக்கின் ஹரால்டு ஸிரின் 1969இல் நிறுவியது. 1997 முதல் நியூ ஜெர்சி தொழில்நுட்பக் கழகம் நடத்துகிறது. தரை வெயிலில் சுட்டால் அதன்மேல் காற்று அலையும். தண்ணீர் அப்படிச் சுடாது. அதனால்தான் மூன்று பக்கமும் தண்ணீர். உதய்ப்பூரில் ஃபதே சாகர் ஏரியின் தீவில் நம்மவர்கள் சூரிய ஆய்வகம் வைத்திருப்பதும் இதே காரணத்துக்காக.

இன்று உள்ளே பார்வையாளர் நாள் இல்லை. எதிர்க்கரைப் பாறையில் உட்கார்ந்து குவிமாடத்தைப் பார்த்துக்கொண்டே, அதற்குள் இருக்கும் 1.6 மீட்டர் தொலைநோக்கியில் என்ன பார்த்தார்கள் என்பதை அக்கா மகனுக்குச் சொன்னேன். 2015இல் வெளியான ஆய்வு அது. சுடர் ஒன்று வெடிக்கும் முன்பும் வெடிக்கும்போதும் சூரிய மேற்பரப்புக்குச் சற்று மேலுள்ள நிறக்கோள அடுக்கை இந்தத் தொலைநோக்கி படமெடுத்திருக்கிறது. எஸ் என்ற எழுத்தைத் திருப்பிப் போட்டதுபோல் ஒரு புலக்கற்றை. அதிலிருந்து சில வளையங்கள் உரிந்து எழுகின்றன. எழுந்தவை ஒன்றையொன்று சுற்றிப் பல இழை கொண்ட கற்றையாகின்றன. முறுக்கு கூடியதும் நிலைகுலைந்து கிளம்புகிறது. ஆனால் மேலே வளைந்து நின்ற புலம் அழுத்திப் பிடித்துவிட்டதால் விண்வெளிக்குத் தப்பவில்லை. 1908இல் ஹேல் அசையாத படத்தில் பார்த்த இழைகளை, இவர்கள் எழுந்து நகர்வதோடு பார்த்திருக்கிறார்கள்.

"தப்பியிருந்தா?"

தப்பினால் என்ன ஆகும் என்பதை உலகம் 2024 மே மாதம் பார்த்தது. ஒரே புள்ளிக் கூட்டத்திலிருந்து அடுத்தடுத்துக் கிளம்பிய பிளாஸ்மா மேகங்கள் மே 10, 11 தேதிகளில் பூமியை வந்து மோதின. லடாக்கின் ஹன்லேயில் வானம் சிவந்தது. அதற்கும் முன்னால் 2011 பிப்ரவரி. 11158 என்று எண்ணிட்ட கூட்டம், தென் அரைக்கோளத்தில், பிப்ரவரி 10 வாக்கில்தான் பிறந்தது. இரண்டு ஜோடிகள் பக்கம் பக்கமாக எழுந்து, நடுவில் எதிர்த்துருவங்கள் உரசிக்கொண்டு நழுவின. 15ஆம் தேதி எக்ஸ்2.2 வகைச் சுடர்; எக்ஸ் என்பது மிக வலிய வகை. 2006 டிசம்பருக்குப் பிறகு வந்த முதல் எக்ஸ் வகை அது. பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத குழந்தை. அதன் முறுக்கு வலமுறுக்கு, தெற்கின் விதிப்படியே. எஸ்டிஓ விண்கலம் 2010 பிப்ரவரியில்தான் ஏவப்பட்டிருந்தது என்பதால், பிறப்பு முதல் வெடிப்பு வரை 12 நிமிடத்துக்கு ஒருமுறை முப்பரிமாணப் புலத்தை அளந்த பதிவு கிடைத்தது. ஒரு புள்ளிக் கூட்டத்தின் பிள்ளைப் பருவத்தை முழுசாகப் படிக்க வேண்டுமென்றால் நான் அதைத்தான் சொல்வேன்.

எல்லாக் கூட்டமும் வெடிப்பதில்லை. முறுக்கு எவ்வளவு, மேலே அழுத்தும் புலம் எவ்வளவு, புதிதாக இன்னும் எவ்வளவு எழுகிறது என்பதையெல்லாம் பொறுத்தது. 2014 அக்டோபரில் வந்த 12192 அந்தச் சுழற்சியிலேயே மிகப்பெரிய கூட்டம். ஆறு எக்ஸ் வகைச் சுடர்கள் வெடித்தும் அவற்றில் எதிலும் பெரிய பிளாஸ்மா மேகம் வெளியேறவில்லை.

ஏரிக்கரையில் காற்று கிளம்பியதும் குளிர ஆரம்பித்துவிட்டது. சால்வையைப் போர்த்திக்கொண்டு இறங்கினோம்.

செவ்வாய், பாசடினா

காலையில் படம் பார்த்தேன். நம் ஜோடி நன்றாக விலகி நிற்கிறது. வெள்ளை இறுகி உருண்டுவிட்டது, கறுப்பு சிதறிக் கிடக்கிறது. முதிர்ந்த கூட்டங்களில் வழக்கமாகப் பார்ப்பதுதான். நாக்குகளைக் காணோம். கற்றையின் முதுகு முழுவதும் மேலே போய்விட்டால், கால்கள் மட்டுமே மேற்பரப்பை வெட்டி நிற்கும். கால்களில் புலம் செங்குத்து என்பதால் நாக்கு சுருங்கி மறைந்துவிடும். முறுக்கு அப்படியேதான் இருக்கிறது, ஆனால் இந்த வகைப் படத்தில் அதை இனிப் படிக்க முடியாது. இதுவரை பெரிய சுடர் எதுவும் இல்லை.

பிறப்புக்கு முந்திய நாட்களைப் பற்றியும் ஒரு செய்தி சொல்லிவிடுகிறேன். சூரியனின் அதிர்வுகளைக் கொண்டு உள்ளே பார்க்கும் முறையில் 2016இல் வெளியான ஆய்வு, 20,000 கிலோமீட்டர் ஆழத்தில் கற்றைகள் ஏறும் வேகம் நொடிக்கு 150 மீட்டரைத் தாண்டாது என்கிறது. அங்கே வாயு புரளும் வேகமும் அதே அளவுதான். அப்படியென்றால் கற்றை தன் போக்கில் பாய்ந்து வரவில்லை, புரளல்களோடு இழுபட்டு வருகிறது. இந்த முடிவு நிலைத்தால், முறுக்கு ஏறுவது கொந்தளிப்பில்தான் என்ற விளக்கத்துக்கு இன்னும் வலுக் கூடும் என்று நினைக்கிறேன்.

ஊருக்குத் திரும்பியதும் கோடைக்கானல் தட்டுகளில் உட்காரப் போகிறேன். 1912 முதலான ஹைட்ரஜன் ஆல்ஃபா படங்களை இந்திய வானியற்பியல் நிறுவனம் எண்மமாக்கி வைத்திருக்கிறது. ஹேல் எண்ணிய சுழல்களை அதே ஆண்டுகளின் கோடைக்கானல் படங்களில் வடக்கு, தெற்கு என்று பிரித்து எண்ணிப் பார்க்க வேண்டும். பொறுமையும் நல்ல கண்ணும் இருந்தால் போதும், பட்டம் தேவையில்லை. கல்லூரி மாணவர்கள் யாராவது சேர்ந்துகொள்வதானால் எழுதுங்கள்; ஆளுக்கு ஓர் ஆண்டு என்று பிரித்துக்கொள்ளலாம். நான் 1917ஐ எடுத்துக்கொள்கிறேன்.